எருக்கு ஒன்றா, இரண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் சாலையோரச் செடிகளைப் பற்றி எழுதியபோது, எருக்கில் இரண்டு இனங்கள் உண்டு என்றும், பூவின் நிறத்தை மட்டும் நம்பி அவற்றைப் பிரிக்கக் கூடாது என்றும் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைக் குறித்து வந்த கடிதங்கள், கட்டுரையின் மற்றப் பகுதிகளுக்கு வந்தவற்றைவிட அதிகம். ஆகவே இம்முறை கேள்வி பதில் பகுதி முழுவதையும் எருக்குக்கே ஒதுக்குகிறேன். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி நிலத்தில் ஊதாப் பூ எருக்கும் வெள்ளைப் பூ எருக்கும் அருகருகே நிற்கின்றன. வெள்ளைப் பூ பூப்பதுதான் வெள்ளெருக்கு என்றும், அதன் தாவரவியல் பெயர் கலோட்ரோபிஸ் புரோசெரா என்றும், ஊதாப் பூ பூப்பது கலோட்ரோபிஸ் ஜைஜான்டியா என்றும் ஒரு மூலிகை நூலில் படித்தேன். நீங்கள் அதை மறுக்கிறீர்களா?

பதில்: ஆம், மறுக்கிறேன். இந்தக் குழப்பம் பல கைப்பிரதிகளிலும் பட்டியல்களிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, படிப்பவருக்கு ஐயமே தோன்றாத அளவுக்கு வேரூன்றிவிட்டது. உண்மை என்னவென்றால், ஜைஜான்டியா என்ற ஒரே இனத்திலேயே ஊதாப் பூ பூக்கும் செடிகளும் தூய வெள்ளைப் பூ பூக்கும் செடிகளும் உண்டு. அந்தோசயனின் என்ற நிறமி இதழில் உருவாகும் செடியில் பூ ஊதாவாகிறது. அது உருவாகாத செடியில் வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. நித்தியகல்யாணியில் இளஞ்சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் இருப்பதைப் பார்த்து அவை இரண்டு வேறு இனங்கள் என்று நாம் சொல்வதில்லை அல்லவா? எருக்கின் நிலையும் அதுவே.

புரோசெரா தனி இனம். அதன் பூ முழு வெள்ளையும் அன்று, முழு ஊதாவும் அன்று. இதழின் வெளிப்புறம் வெளுத்தோ இளம்பச்சை கலந்தோ இருக்கும். உட்புறத்தில் இதழின் மேற்பாதியில், நுனியை ஒட்டி, அடர்ந்த ஊதாத் திட்டு ஒன்று இருக்கும். தொலைவிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பார்க்கும்போது வெளிப்புற வெளுப்பே கண்ணில் படுவதால், அதையும் வெள்ளெருக்கு என்று மக்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்படியாக 'வெள்ளெருக்கு' என்ற ஒரு சொல், ஓரிடத்தில் ஜைஜான்டியாவின் வெள்ளை வகையையும் இன்னோரிடத்தில் புரோசெராவையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. மக்கள் வழங்கிய பெயரில் பிழையில்லை. கண்ணில் பட்டதை அவர்கள் சொன்னார்கள். அந்தப் பெயருக்கு எதிரே ஒரே ஒரு லத்தீன் பெயரை எழுதி முடித்துவிட்டதில்தான் பிழை நேர்ந்தது.

உங்கள் காலி நிலத்தில் நிற்கும் இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே அளவுப் பூவோடு, இதழ்கள் நன்றாக விரிந்து பின்பக்கம் மடங்கியபடி இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விவரத்தை வைத்துப் பார்த்தால், இரண்டுமே ஜைஜான்டியா என்றுதான் சொல்வேன்.

இது பெயர் பற்றிய வெறும் வாதம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். எருக்கின் பால், வேர்ப்பட்டை, இலை ஆகியவற்றின் வேதியியல் குறித்து ஏராளமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சேகரித்த செடி எந்த இனம் என்பதில் பிழை இருந்தால், அந்த ஆய்வின் முடிவு தவறான செடியின் கணக்கில் ஏறிவிடும். அடுத்து வருபவர் அதையே மேற்கோள் காட்டுவார். பிழை அச்சிலேயே பெருகிக்கொண்டு போகும்.

கேள்வி: நிறத்தை நம்பக் கூடாதென்றால், பூவை வைத்து இரண்டையும் எப்படிப் பிரிப்பது? தாவரவியல் படிக்காதவரும் செய்யக்கூடிய முறை உண்டா?

பதில்: உண்டு. ஒரு பூங்கொத்தும் ஒரு கைலென்சும் இருந்தால் போதும். பழகிய பிறகு லென்சு கூடத் தேவைப்படாது.

முதலில் விரியாத மொட்டைப் பாருங்கள். இரண்டு இனங்களையும் பிரிக்க எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் அதுவே, ஏனெனில் செடியில் எப்போதும் பூவை விட மொட்டுகளே மிகுதி. ஜைஜான்டியாவின் முதிர்ந்த மொட்டு முட்டை வடிவில் சற்று நீண்டு, பக்கங்களில் ஐந்து மழுங்கிய முகடுகளோடு இருக்கும். விரலிடுக்கில் வைத்து உருட்டினால் அந்த முகடுகள் தட்டுப்படும். புரோசெராவின் மொட்டு ஏறக்குறைய உருண்டை. முகடுகள் தெளிவாக இரா. இரண்டையும் ஒரு முறை அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் பிறகு மறப்பதில்லை.

அடுத்தது விரிந்த பூ. ஜைஜான்டியாவின் பூ பெரியது. குறுக்களவு பெரும்பாலும் 3 சென்டிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஐந்து இதழ்களும் தட்டையாக விரிந்து, நாள் செல்லச் செல்லப் பின்பக்கமாக மடங்கி, ஓரங்கள் லேசாக முறுக்கிக்கொள்ளும். அதனால் நடுவில் உள்ள மகுடம், அதாவது பூவின் மையத்தில் தூணும் அதை ஒட்டிய செதில்களும் சேர்ந்த பகுதி, தனித்து நிமிர்ந்து நிற்கும். புரோசெராவின் பூ அதைவிடச் சிறியது. குறுக்களவு பெரும்பாலும் 2 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். அதன் இதழ்கள் முழுவதுமாக மடங்காமல் மேல்நோக்கியே நின்று, ஒரு சிறு கிண்ணம் போல மகுடத்தைச் சூழ்ந்திருக்கும்.

ஐயம் இன்னும் தீரவில்லை என்றால் மகுடத்துக்கு வர வேண்டும். இதில் சற்றுப் பொறுமை தேவை. பூவின் நடுவில், மேற்புறம் தட்டையான ஐங்கோண மேடை ஒன்று தெரியும். மகரந்தத் தாள்களும் சூலகத்தின் தலைப்பகுதியும் ஒன்றாய் ஒட்டி உருவான தூணின் உச்சி அது. அந்தத் தூணின் பக்கங்களில் ஐந்து சதைப்பற்றான செதில்கள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு செதிலும் பக்கவாட்டில் நசுங்கிய படகின் முன்பகுதி போல இருக்கும். அதன் அடிப்பகுதி வெளிப்பக்கமாக வளைந்து மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். இரண்டு இதழ்களைக் கிள்ளி எடுத்துவிட்டு, பூவைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு செதிலை மட்டும் கூர்ந்து பாருங்கள். ஜைஜான்டியாவில் செதிலின் உச்சி, நடுத் தூணின் உச்சியை எட்டாமல் சற்றுக் கீழேயே நின்றுவிடும். உச்சி வட்டமாக இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் இரண்டு மழுங்கிய காதுகள் போன்ற புடைப்புகள் தெரியும். செதிலின் மேல் மெல்லிய மயிர்களும் உண்டு. புரோசெராவில் செதில் தூணின் உயரத்தை எட்டும், அல்லது அதைத் தாண்டி நிற்கும். காதுப் புடைப்புகள் இல்லை. உச்சி இரு சிறு பற்களாகப் பிளந்திருக்கும். மயிர் பெரும்பாலும் இராது.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வெள்ளைப் பூ பூத்த ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, நிறத்தை மட்டும் பார்த்து, ஹெர்பேரியம் தாளில் 'புரோசெரா' என்று எழுதி ஒட்டிவைத்தேன். சில காலம் கழித்து அந்தத் தாளை மீண்டும் எடுத்தபோது, வெள்ளை என்பதற்கே அடையாளம் இல்லாமல் பூ முழுவதும் பழுப்பாகிவிட்டிருந்தது. ஒரு மொட்டை வெந்நீரில் ஊறவைத்து மென்மையாக்கி ஊசியால் பிரித்தேன். இரண்டு காதுகளோடு கூடிய, தூணை எட்டாத செதில் தெளிவாகத் தெரிந்தது. அது ஜைஜான்டியா. நிறம் அழிந்த பிறகும் வடிவம் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து எந்தத் தாளிலும் மகுடத்தைப் பார்க்காமல் பெயர் எழுதுவதில்லை.

கேள்வி: பூ இல்லாத காலத்தில் இலையையோ காயையோ வைத்துச் சொல்ல முடியாதா?

பதில்: இலையை வைத்துச் சொல்வது கடினம். இரண்டிலும் இலைகள் எதிரெதிராக, அடுத்தடுத்த சோடிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்திருக்கும். காம்பு மிகக் குறுகியிருக்கும், அல்லது இல்லை என்றே சொல்லலாம். அடிப்பகுதி இதய வடிவில் தண்டைத் தழுவியிருக்கும். இளம் இலைகளில் வெண்ணிறப் பஞ்சு போன்ற மயிர்ப்படலம் இருக்கும். அளவும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது.

காய் ஓரளவு உதவும். ஒரு பூவிலிருந்து இரண்டு காய்கள் உண்டாக இடமிருந்தாலும் பெரும்பாலும் ஒன்றே வளர்ந்து முதிர்கிறது. ஜைஜான்டியாவின் காய் சற்று ஒடுங்கிப் படகு போல வளைந்திருக்கும். புரோசெராவின் காய் ஊதிப் பெருத்து, பார்வைக்குப் பச்சை மாங்காயை நினைவூட்டும். கையில் எடுத்தால் எடையே இல்லாததுபோல் இருக்கும். காயின் தோலுக்கும் நடுவில் உள்ள விதைக்கட்டுக்கும் இடையில் நார் கலந்த காற்றறைகள் நிறைந்திருப்பதே அதற்குக் காரணம். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், சோதோம் நகரம் இருந்த இடத்தில் உண்ணத்தக்க கனி போலத் தோன்றி, பறித்தவுடன் புகையும் சாம்பலுமாகக் கரைந்துபோகும் கனிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். சாக்கடல் கரையில் வளரும் புரோசெராவின் இந்தக் காயே அது என்று பலரும் கருதுகிறார்கள். 'சோதோம் ஆப்பிள்' என்ற பெயரும் அப்படியே நிலைத்தது. உலர்ந்த காயைக் கையில் அழுத்தி உடைத்து, உள்ளிருந்து காற்று வெளியேறி, வெண்பட்டு போன்ற விதை மயிர்கள் பறந்து செல்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த வருணனை மிகையாகத் தோன்றாது.

இருப்பினும், காயை மட்டும் வைத்து உறுதியாக முடிவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழு வளர்ச்சி பெறாத புரோசெராக் காயும் நன்றாகப் பருத்த ஜைஜான்டியாக் காயும் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடும்.

கேள்வி: இவ்வளவு நெருக்கமான இரண்டையும் யார், எப்போது தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள்? பெயர்களுக்குப் பொருள் என்ன?

பதில்: ஜைஜான்டியாவுக்கு ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் பெயர் வைத்தார். அப்போது அவர் அதை அஸ்கிளிபியாஸ் என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். புரோசெராவைத் தனி இனமாக 1789இல் வில்லியம் அயிட்டன் வெளியிட்டார். அதுவும் அஸ்கிளிபியாஸ் பேரினத்தில்தான். பிறகு ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் மகுடத்தின் அமைப்பை ஆராய்ந்து கலோட்ரோபிஸ் என்ற புதுப் பேரினத்தை உருவாக்கினார். 1811இல் இரண்டு இனங்களும் அந்தப் பேரினத்துக்கு மாற்றப்பட்டன. புரோசெராவை மாற்றியவராகப் பெயரோடு எழுதப்படுபவர் வில்லியம் டவுன்சென்ட் அயிட்டன். முதலில் அதற்குப் பெயர் வைத்த அயிட்டனின் மகன். லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்தின் செடிகளைப் பற்றித் தந்தை எழுதிய நூலின் இரண்டாம் பதிப்பை மகன் வெளியிட்டபோது நடந்த மாற்றம் இது. அதனால்தான் இனப்பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் அயிட்டனும் வெளியே ஓர் அயிட்டனும் எழுதப்படுகிறார்கள். அச்சுப்பிழை என்று எண்ணி ஒன்றை அடித்துவிட வேண்டாம்.

கலோட்ரோபிஸ் என்பது கிரேக்கச் சொற்களால் ஆனது: 'கலோஸ்' என்றால் அழகிய, 'ட்ரோபிஸ்' என்றால் படகின் அடிமரம். மகுடச் செதில்களின் வடிவத்தைக் கண்டு வைத்த பெயர் அது. 'ஜைஜான்டியா' பேருருவைக் குறிக்கும். 'புரோசெரா' நெடிதுயர்ந்தது என்று பொருள்படும். ஆக இரண்டு பெயர்களுமே உயரத்தைத்தான் சொல்கின்றன! இரண்டும் 2 மீட்டர், 3 மீட்டர் என வளரக்கூடியவை. உயரத்தைக் கொண்டு ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கவே முடியாது. பேரினப் பெயர் மட்டும் சரியான உறுப்பைச் சுட்டிக் காட்டுகிறது.

இன்னொரு விவரமும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இனங்களிலும் குரோமோசோம்களின் எண்ணிக்கை 22 தான். ஆக, எண்ணிக்கையைப் பார்த்துப் பிரிக்கவும் வழியில்லை. முன்பு இவை அஸ்கிளிபியாஸ் பேரினத்தின் பெயரால் அமைந்த தனிக் குடும்பத்தில், அஸ்கிளிபியடேசியில், வைக்கப்பட்டிருந்தன. 1998இல் வெளியான பூக்கும் தாவர வகைப்பாட்டிலிருந்து அக்குடும்பம் அரளியின் குடும்பமான அப்போசைனேசியோடு சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய பாடநூல்களில் ஒரு குடும்பமும் புதிய நூல்களில் இன்னொரு குடும்பமும் இருப்பது ஏன் என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். அவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: அந்த மகுடம் எதற்காக? இரண்டு இனங்களின் மகரந்தச் சேர்க்கையில் வேறுபாடு உண்டா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத விரும்பினேன் என்று சொன்னால் மிகையாகாது. எருக்கம்பூவைப் போல நுட்பமான ஒரு பொறியை நம் கால் எட்டும் தொலைவில் வேறெங்கும் காண்பது அரிது.

பெரும்பாலான பூக்களில் மகரந்தம் தூளாக இருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். எருக்கில் தூள் கிடையாது. ஒவ்வொரு மகரந்தப்பையிலும் உள்ள மகரந்தம் முழுவதும் மெழுகு போன்ற ஒரு சிறு தட்டாகத் திரண்டிருக்கும். அதைப் பொலினியம் என்பார்கள். அடுத்தடுத்த இரண்டு மகரந்தத் தாள்களிலிருந்து ஆளுக்கொரு தட்டு வந்து, மெல்லிய இரண்டு கைகளால், நடுவில் உள்ள கருநிறக் கவ்வி ஒன்றோடு இணைந்திருக்கும். ஒரு பூவுக்கு இப்படி ஐந்து சோடிகள். ஐங்கோண மேடையின் ஐந்து மூலைகளிலும் கடுகை விடச் சிறிய ஒரு கரும்புள்ளி தெரிகிறதே, அதுதான் அந்தக் கவ்வி. அதற்கு நேர்கீழே மிகக் குறுகிய ஒரு பிளவு இருக்கும். மெல்லிய ஊசி ஒன்றை அந்தப் பிளவின் அடியில் செருகி மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். கவ்வி ஊசியில் பற்றிக்கொள்ள, அதன் இரு பக்கமும் மஞ்சள் நிறத் தட்டுகள் இரண்டு தொங்கியபடி வெளியே வரும். முதல் முறை இதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

ஊசி செய்த வேலையைச் செடியில் பூச்சியின் கால் செய்கிறது. மகுடச் செதில்களை ஒட்டிய குழிகளில் தேன் தேங்கும். அதைக் குடிக்க வரும் பூச்சி, வழுக்கும் மேடையில் காலூன்ற இடம் தேடும்போது, கால் அந்தப் பிளவுக்குள் நழுவிவிடும். இழுத்து விடுவிக்கும்போது கவ்வி காலில் மாட்டிக்கொண்டு தட்டுகளோடு வெளியே வரும். காற்றில் உலர உலர அந்தக் கைகள் திரும்பி, தட்டுகள் அடுத்த பூவின் பிளவுக்குள் நுழைவதற்கு ஏற்ற கோணத்துக்கு வந்துவிடும். அடுத்த பூவில் கால் நழுவும்போது, இம்முறை தட்டு உள்ளே சிக்கி அங்கேயே தங்கிவிடும். மகரந்தச் சேர்க்கை அத்தோடு முடிந்தது.

இந்தப் பொறியை இயக்க வலிமையான கால் வேண்டும். கருவண்டு என்று பேச்சில் வழங்கும் பெரிய தச்சுத் தேனீக்கள்தாம் இரண்டு இனங்களுக்கும் முக்கியமான துணை. சிறிய பூச்சிகள் பிளவில் மாட்டிக்கொண்டு விடுபட முடியாமல் காலை இழப்பதும், அங்கேயே உயிர்விடுவதும் உண்டு. ஒரு கொத்தில் எத்தனையோ பூக்கள் பூத்தும் காய் ஒன்றிரண்டே நிற்பதற்கு, தட்டு சரியான பிளவில் சரியான கோணத்தில் விழ வேண்டியிருப்பது ஒரு காரணம். ஆனால் விழுந்துவிட்டால், ஒரே தட்டில் உள்ள மகரந்தம் ஒரு காயின் எல்லாச் சூல்களுக்கும் போதுமானது. காயைப் பிரித்தால் நூற்றுக்கணக்கான விதைகள் மீன்செதில் போல அடுக்கியிருப்பதன் விளக்கம் இதுவே.

ஆகவே இரண்டு இனங்களும் ஒரே பொறியை, ஏறக்குறைய ஒரே விருந்தாளியை வைத்து இயக்குகின்றன. வேறுபாடு பொறியைச் சூழ்ந்த அமைப்பில்தான்: ஒன்றில் இதழ்கள் பின்வாங்கி மேடையைத் திறந்து வைக்கின்றன, மற்றொன்றில் கிண்ணம் போல நின்று மேடையைச் சூழ்கின்றன.

இங்கே ராபர்ட் பிரவுனை மீண்டும் நினைவுகூர வேண்டும். எருக்குக் குடும்பத்திலும் ஆர்க்கிடுகளிலும் கருவுறுதல் எப்படி நடக்கிறது என்பதை ஆராய்ந்து அவர் 1831இல் வாசித்த கட்டுரையில்தான், செல்லுக்குள் காணப்படும் உருண்டையான பகுதிக்கு நியூக்ளியஸ் என்ற பெயரை அளித்தார். உயிரியல் நூல் ஒவ்வொன்றிலும் இடம்பெறும் அந்தச் சொல், எருக்கின் உறவுகளைக் கூர்ந்து பார்த்த கண்களிலிருந்து வந்தது.

கேள்வி: இரண்டும் ஒரே இடத்தில் வளருமா? எது எங்கே மிகுதி?

பதில்: தமிழகத்தில் சாலையோரத்திலும் தரிசிலும் கடற்கரை மணலிலும் நாம் நாள்தோறும் காண்பது பெரும்பாலும் ஜைஜான்டியா. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்சீனம், தென்கிழக்கு ஆசியா வரை அதன் இயல்பான பரப்பு. புரோசெரா வறட்சியின் செடி. ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகள், அரேபியத் தீபகற்பம், ஈரான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்குள் வந்து, ராஜஸ்தான், குஜராத், பஞ்சாப் போன்ற பகுதிகளில் மிகுந்து காணப்படுகிறது. தார்ப் பாலைவனத்தின் மணல்மேடுகளில் 'ஆக்' என்று அழைக்கப்படுவது பெரும்பாலும் இதுவே. இரண்டின் பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில், இரண்டையும் ஒரே தரிசில் சந்திக்க வாய்ப்புண்டு. எனவே 'இங்கே இதுதான் வளரும்' என்று ஊரை வைத்து முடிவு செய்துவிடாமல் மொட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

மனிதர் கொண்டுசென்ற இடங்களிலும் இரண்டும் ஆளுக்கொரு பாதையில் போயிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் வடபகுதி மேய்ச்சல் நிலங்களில் பரவிக் கட்டுப்படுத்த வேண்டிய களையாகிவிட்டது புரோசெரா. வடகிழக்குப் பிரேசிலிலும் அது பரவியிருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் மோனார்க் பட்டாம்பூச்சியின் புழுக்கள் தின்று வளரும் எருக்கு ஜைஜான்டியா. நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்வது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. அதற்கு இரண்டு எருக்குகளும் ஒன்றுதான்.

கேள்வி: பூவைப் பிரித்துப் பார்க்கும்போது பால் கையில் படுகிறது. ஆபத்து உண்டா?

பதில்: உண்டு, இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். இரண்டு இனங்களின் பாலிலும் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடு நச்சுகள் உள்ளன. தோலில் சிலருக்கு எரிச்சலும் கொப்புளமும் வரும். பெரிய ஆபத்து கண்ணுக்குத்தான். பால் பட்ட விரலால் அறியாமல் கண்ணைக் கசக்கிவிட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கக்கூடும். பெரிய வலி இல்லாமலே இது நிகழலாம் என்பதால் பலர் பொருட்படுத்தாமல் இருந்துவிடுகிறார்கள். வலி இல்லை என்பதைக் கொண்டு ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணக் கூடாது. உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கண்ணைக் கழுவி, தாமதமின்றிக் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பூவை ஆராயும்போது கையுறை அணியுங்கள். கிள்ளிய காம்பைச் சற்றுநேரம் ஒரு காகிதத்தின் மேல் வைத்துப் பால் வடிய விடுங்கள். சிறுவர்களுக்குக் காட்டும்போது நீங்களே பிரித்துக் காட்டுங்கள், அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் நிற்கும் செடியின் படத்தை அனுப்பியிருக்கிறேன். எந்த இனம் என்று சொல்ல முடியுமா?

பதில்: இதே வேண்டுகோளுடன் பல படங்கள் வந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை செடி முழுவதையும் தொலைவிலிருந்து காட்டுகின்றன. அவற்றில் எருக்கு என்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது. உங்கள் படத்தில் ஒரு கொத்து நெருக்கத்தில் விழுந்திருக்கிறது. மொட்டுகள் உருண்டையாகவும், விரிந்த இரண்டு பூக்களில் இதழ்கள் நிமிர்ந்து கிண்ணம் போலவும், நுனிகளின் உட்புறம் ஊதாவாகவும் இருப்பதால் அது புரோசெராவாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். செதிலின் உயரம் மட்டும் படத்தில் இதழுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. கையுறையோடு ஒரு பூவின் முன்பக்க இதழ்கள் இரண்டை எடுத்துவிட்டு, பக்கவாட்டில், ஓர் அளவுகோலை அருகில் வைத்து, காலை வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். மற்ற வாசகர்களும் அனுப்பும்போது முதிர்ந்த மொட்டு ஒன்று, மேலிருந்து பூ ஒன்று, இதழ் நீக்கிய பக்கத் தோற்றம் ஒன்று என மூன்று படங்களாக அனுப்பினால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுகிறேன்.